‘பாரதியார், ராகமாலிகை’

கச்சேரி நிரல்களில் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாட்டுக்கு எதிரே எப்போதும் இரண்டே விவரம்தான் இருக்கும். இயற்றியவர் பாரதியார், ராகம் ராகமாலிகை, அதாவது பல ராகங்களின் கோவை. சின்ன வயதிலிருந்து அப்படியே பார்த்துப் பழகிவிட்டதால், அதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியதில்லை. தோன்ற வைத்தது ஆராய்ச்சி நூலும் இல்லை, பேராசிரியரும் இல்லை. ஒரு காணொளித் தளத்தில் யார் எதைப் பாடினாலும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் இயந்திரம்.

ஊரில் இருக்கும் உறவினர்கள் கேட்டார்கள் என்று, தம்புரா செயலியைப் போட்டுவிட்டு அந்தப் பாட்டைப் பாடிப் பதிவேற்றியிருந்தேன். பக்கவாத்தியம்கூடக் கிடையாது. கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது: காணொளியில் இருக்கும் மெட்டுக்கு ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியிருக்கிறது. காணொளியை எடுக்க மாட்டார்கள், விளம்பர வருமானம் இருந்தால் அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். எனக்கு வருமானமும் இல்லை, இழக்க எதுவும் இல்லை. ஆனாலும் சுருக்கென்றது. பாரதி பாட்டுக்கா? 1949இல் ஓமந்தூரார் அரசு அந்த உரிமையை எடுத்து, பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கியது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியுமே. ஆட்சேபம் தெரிவிக்கும் படிவத்தைத் திறந்து, ‘பொதுவுடைமை’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கப் போனபோது, சட்டக் கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பா மகன் பக்கத்தில் இருந்தான்.

“அக்கா, அவங்க மெட்டுன்னு போட்டிருக்காங்க. நீ பாரதின்னு பதில் சொல்றே. பாரதியா மெட்டுப் போட்டாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இசையில் முதுகலை படிக்கிறவள். அந்தப் பாட்டை எந்த சுருதியில் எடுத்தால் மேல் ஷட்ஜம் சிரமமில்லாமல் நிற்கும், வசந்தா ராகப் பகுதியில் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மெட்டு யார் போட்டது என்று கேட்டால் மட்டும் விழிப்பேன். இது எனக்கு மட்டும் உள்ள குறை என்று நான் நினைக்கவில்லை. எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டிருந்தாலும் இதே கதிதான். நாங்கள் பாட்டைக் கற்றுக்கொண்ட விதம் அப்படி.

சட்டம் பாட்டை எப்படிப் பிரிக்கிறது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் ‘இசைப் படைப்பு’ என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. இசையைக் கொண்டது, அதன் ஸ்வரக் குறிப்பும் அதில் அடக்கம், ஆனால் அதோடு சேர்த்துப் பாடுவதற்கான சொற்கள் அடக்கமில்லை. சொற்கள் இலக்கியப் படைப்பு. அதற்குத் தனிக் கணக்கு. பாடுகிறவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று இன்னொரு கணக்கு, அது 1994இல் வந்தது. ஒலிப்பதிவுக்கு நான்காவது கணக்கு. நாம் ‘ஒரு பாட்டு’ என்று சொல்வதைச் சட்டம் நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆளையும் வேறு வேறு கெடுவையும் வைக்கிறது.

முதலில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. சாகித்யமும் சங்கீதமும் சேர்ந்தே பிறக்கும் வாக்கேயக்காரர் மரபில் வளர்ந்தவளுக்கு, சொல்லையும் மெட்டையும் வெட்டிப் பார்ப்பது வக்கீல் வேலையாகத்தான் தெரியும். தியாகராஜர் கீர்த்தனையில் எது சொல், எது மெட்டு என்று பிரித்து என்ன ஆகப்போகிறது? ஆனால் நாங்கள் கச்சேரியில் பாடுவதில் பாதி அப்படிப் பிறந்ததே இல்லை என்பது யோசித்தால்தான் உறைக்கிறது. ஆண்டாளின் திருப்பாவைக்கு இன்று மேடையில் கேட்கும் மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. ‘குறையொன்றுமில்லை’ ராஜாஜியின் சொற்கள், கடையநல்லூர் வெங்கட்ராமனின் மெட்டு. அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாட்டுகள் பலவற்றின் மெட்டு கவிராயர் காலத்தது அல்ல. இவற்றை எல்லாம் ‘இயற்றியவர்’ என்ற ஒரே பத்தியில் ஒரே பெயரைப் போட்டு முடித்துவிடுகிறோம்.

சட்டத்தை நான் புகழ வரவில்லை. 1957 சட்டத்தின் பழைய வரையறைப்படி எழுதப்பட்டோ அச்சிடப்பட்டோ வரையப்பட்டோ இருந்தால்தான் அது இசைப் படைப்பு. வாய்வழியாக மட்டும் வந்த மெட்டு அந்த வரையறைக்குள் வரவே வராது. 1994இல் திருத்தும்வரை அதுதான் நிலை. குருவின் எதிரே உட்கார்ந்து காதால் கற்கும் ஒரு நாட்டில், காகிதத்தில் இருந்தால்தான் இசை என்று எழுதி வைத்தவர்களை என்ன சொல்ல. ஆனாலும் அந்த நான்கு கட்டங்கள் எனக்கு ஒரு வேலையைச் செய்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயரும் ஓர் ஆண்டும் எழுதியே ஆக வேண்டும். எழுத முடியாத கட்டம்தான் தேட வேண்டிய இடம்.

தேடினேன்

மெட்டுக் கட்டத்தை நிரப்பத் தேடினால் ஏகப்பட்ட தளங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு. பத்துப் பேர் சொல்கிறார்கள் என்று மகிழ்வதற்கு முன்னால், ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் ஒட்டியிருக்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பிழைதான். பிழைக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது. சரியாக எழுதப்பட்ட வாக்கியம் எங்கிருந்து எங்கே போனது என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

படத்தையே பார்த்துவிடுவது என்று ‘மணமகள்’ படத்தைப் போட்டேன். 1951, என். எஸ். கிருஷ்ணன் இயக்கியது. பாடியவர்கள் எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும். இசை சி. ஆர். சுப்பராமன். காபியில் தொடங்கி மாண்டு, வசந்தா, திலங் என்று நகர்ந்து நீலமணியில் முடியும் அந்த வரிசை, நான் டீச்சரிடம் கற்றுக்கொண்ட அதே வரிசை. என் டீச்சரின் பாடாந்தரம், குரு வழியாக வந்த பாடும் முறை, என்று நான் நினைத்திருந்தது ஒரு சினிமாப் பாட்டு. இதில் எனக்கு ஏமாற்றம் ஒன்றுமில்லை. சந்தோஷமாகவே இருந்தது. வசந்தகுமாரி அதை மேடைக்குக் கொண்டுபோனார், மேடையிலிருந்து வகுப்புகளுக்கு இறங்கியது. ஒரு மெட்டு தியேட்டரிலிருந்து, கச்சேரிக் கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடா வரிசையில் வந்து உட்காருவது சாதாரணம் இல்லை.

படத்தின் எழுத்துகளில் ‘இசை’ என்று ஒருவர் பெயர் இருப்பதாலேயே ஒவ்வொரு மெட்டும் அவருடையது என்று ஆகிவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் இந்திப் பாட்டின் மெட்டில் தமிழ் வரிகளை உட்கார வைப்பது சகஜம். இந்த ராகமாலிகை விஷயத்தில் சுப்பராமனுக்கு எதிரான சான்று எதுவும் என் கண்ணில் படவில்லை, அதனால் அவர் பெயரை எழுதினேன். ‘சான்று இருக்கிறது’ என்பதும் ‘எதிர்ச்சான்று இல்லை’ என்பதும் வேறு வேறு. கட்டுரையில் அதைப் பிரித்து எழுதப் பழகுவதற்கே எனக்கு ஒரு செமஸ்டர் போயிற்று.

அப்புறம் கணக்கு. சுப்பராமன் 1952இல், இளம் வயதிலேயே இறந்துவிட்டார். இந்தியாவில் படைப்பாளி இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு. முன்பு 50 ஆக இருந்தது. தாகூர் 1941இல் இறந்ததால் அவர் எழுத்துகளின் உரிமை 1991 கடைசியில் முடிய, 1992இல் அதை 60 ஆக்கினார்கள். ஆக சுப்பராமன் மெட்டின் உரிமை, தயாரிப்பாளர் கையில் இருந்திருந்தாலும் சரி வேறு யார் கையில் இருந்திருந்தாலும் சரி, 2012 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 1951 ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60, அது அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது. படிவத்தில் டிக் அடித்துவிடலாம் என்று நான் கையை நீட்ட, தம்பி மறுபடியும் குறுக்கே விழுந்தான். அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் காலப் படைப்புகளுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு எண்ணுகிறார்களாம். அந்தக் கணக்கில் 2046 வரை போகும். சென்னையில் என் அறையில் பொதுச் சொத்தாக இருக்கும் மெட்டு நியூஜெர்சியில் அத்தை வீட்டு டிவியில் ஓடும்போது அப்படி இல்லாமல் போகலாம். தளமோ உலகத்துக்கெல்லாம் ஒன்று.

நான் ஆட்சேபம் அனுப்பவில்லை. பயந்து அல்ல. படிவத்தில் ‘இந்தியாவில் ஆம், அங்கே தெரியாது, சொல் யாருடையதுமில்லை, மெட்டு இன்னாருடையது’ என்று எழுத இடமே இல்லை. ஒரு டிக் மட்டும்தான் கேட்கிறார்கள். காணொளியின் கீழே விவரக் குறிப்பை மாற்றிவிட்டு, சுப்பராமன் பெயரைச் சேர்த்துவிட்டு விட்டுவிட்டேன். உரிமை கோரிய நிறுவனம் எந்த ஒலிப்பதிவை வைத்துக் கோரியது என்பதை இன்றுவரை சொல்லவில்லை. சொல்லும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை.

பதிப்பில் இருந்த ஸ்வரங்கள்

இதோடு முடிந்திருக்க வேண்டியது. செமினார் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டபோது ‘பாரதி பாட்டு ஒன்றின் மெட்டு வரலாறு’ என்று சும்மா சொல்லி வைத்தேன். கையில் 1951 இருக்கிறது, நான்கு பக்கம் எழுதிவிடலாம் என்ற நினைப்பு. எங்கள் நெறியாளர் மேடம், “பாட்டு சினிமாவுக்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு பாத்தீங்களா?” என்றார். இந்தப் பாட்டு இருக்கும் ‘கண்ணன் பாட்டு’ நூல் 1917இல் வந்தது, படம் 1951இல். நடுவில் முப்பத்து நான்கு ஆண்டு அந்தப் பாட்டு ஊமையாகவா இருந்திருக்கும்?

நூலகத்தில் பாரதி பாடல்கள் தொகுப்பு ஒன்றை எடுத்து, ‘கண்ணம்மா – என் குழந்தை’ என்ற தலைப்பில் இந்தப் பாட்டு இருக்கும் பக்கத்தைத் திருப்பினேன். இந்தப் பக்கத்தை எத்தனையோ பேர் திருப்பியிருப்பார்கள். நானும் பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் பாட்டு மாணவியாகப் படித்தது அன்றுதான். ராகம் பைரவி. தாளம் ரூபகம். அதற்குக் கீழே ‘ஸஸஸ – ஸாஸா – பபப’ என்று தொடங்கும் சில ஸ்வரக் கோவைகள். இவற்றை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவப்படி மாற்றிப் பாடுக என்று ஒரு குறிப்பு.

அந்த மேஜையிலேயே, வாய்க்குள், தொடையில் ரூபகம் போட்டுக்கொண்டு பாடிப் பார்த்தேன். மேல் ஸ்தாயிக்குப் போகும் வேலை எதுவும் இல்லை. ஷட்ஜத்தில் நிற்கிறது, பஞ்சமத்துக்குத் தாவுகிறது, தைவதத்தைத் தொட்டுவிட்டு இறங்கி வருகிறது. ஒரு தொட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து யாராலும் பாட முடிகிற அளவுதான். காபியில் வழுக்கிக்கொண்டு போகும் சினிமா மெட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பைரவி என்றாலே எங்களுக்கு அடதாள வர்ணமும் ‘காமாட்சி’ ஸ்வரஜதியும்தான் நினைவுக்கு வரும், கம்பீரமான ராகம். அதில் ஒரு தகப்பன் குழந்தையைக் கொஞ்சுகிறான். எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் குரல் வெளியே வந்துவிட்டது தெரிந்தது.

என்னைப் பிடித்துக்கொண்டது ராகத்தைவிட அந்தக் குறிப்புதான். மாற்றிப் பாடுக. ஒரு மெட்டைக் கொடுத்துவிட்டு, அதை மாற்றும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடும் குறிப்பு. இன்றைக்குத் தங்கள் படைப்பைப் பொதுவில் விடுகிறவர்கள் பக்கம் பக்கமாக உரிமம் எழுதுகிறார்கள். இங்கே இரண்டு சொல்லில் வேலை முடிந்திருக்கிறது. 1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் ‘தூண்டிற் புழுவினைப் போல்’ பாட்டைச் சேர்த்து, அதற்கு உரிமை வாங்கி வைத்திருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார் தரப்பு வழக்குக்குப் போனதையும், அதிலிருந்து கிளம்பிய கோரிக்கைதான் 1949 முடிவுக்கு வழிவிட்டது என்பதையும் படிக்கும்போதெல்லாம், அந்தக் குறிப்பு நீதிமன்றத்தில் யார் கண்ணிலாவது பட்டிருக்குமா என்று நினைத்துக்கொள்வேன். சட்டத்தில் அதற்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

கட்டுரையில் ‘பாரதி இப்பாடலைப் பைரவி ராகத்தில் அமைத்தார்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் ‘எந்தப் பதிப்பு? எந்த ஆண்டு? அமைத்தாரா, குறித்தாரா, அச்சாகியிருக்கிறதா?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். நான் எடுத்தது பிற்காலத் தொகுப்பு. பாரதி 1921இல் இறந்தார். தொகுப்புகளைப் போட்டவர்கள் மற்றவர்கள். அதனால் என்னால் நேர்மையாகச் சொல்லக்கூடியது, ‘நான் பார்த்த பதிப்பில் இப்பாடலுக்குப் பைரவி என்று அச்சாகியிருக்கிறது’ என்பது மட்டும்தான். முன்னதைவிட இந்த வாக்கியத்துக்குக் கம்பீரம் குறைவு. ஆனால் இதை யாரும் அசைக்க முடியாது. நூலகப் படிகளில் இறங்கும்போது எரிச்சலோடுதான் இறங்கினேன். வீட்டுக்கு வந்து என் கட்டுரையின் மற்ற வாக்கியங்களையும் இதே பென்சிலோடு படித்தபோது, ‘அமைத்தார்’, ‘இயற்றினார்’, ‘முதன்முதலில்’ எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

எட்டயபுரத்திலிருந்து இரண்டு வழிகள்

இன்னொன்றும் தட்டுப்பட்டது. பாரதி பிறந்த எட்டயபுரத்தில்தான் சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சிட்டார். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளின் ஸ்வரப்படுத்தலுக்கு இன்றைக்கும் நாங்கள் கையேந்தும் புத்தகம் அது. ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் கம்பிதம், ஸ்புரிதம் என்று கமகக் குறிகள். ஒரு அசைவுகூடத் தவறிப்போகக் கூடாது என்று பிடித்துப் பிடித்து எழுதியது. அவர் 1906இல் இறந்தபோது பாரதி இரங்கல் பா எழுதினார். அது தொகுப்புகளில் இருக்கிறது.

ஒரே ஊர். ஒருவர் ஒன்றையும் மாற்றிவிடக் கூடாது என்று எழுதி வைக்கிறார். இன்னொருவர் பெயரில் இருக்கும் பாட்டின் தலையில் மாற்றிப் பாடுக என்று இருக்கிறது. இரண்டிலும் இருப்பது ஸ்வரம்தான், ஆனால் எழுதிய நோக்கம் வேறு. தீட்சிதருடையது சாட்சி. மற்றது அழைப்பு. எல்லா ஸ்வரக் குறிப்பையும் ஒரே கண்ணோடு படித்துவந்த எனக்கு, ஒரு குறிப்பை எடுத்தவுடன் இது எதற்காக எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும் என்பது இந்த இருவரையும் பக்கத்தில் வைத்தபோதுதான் புரிந்தது. எங்கள் வகுப்பு நோட்டுகள் மூன்றாவது வகை: மறந்துபோகாமல் இருக்க எழுதியது. அதை யாராவது நூறு ஆண்டு கழித்து எடுத்து ‘இதுதான் பாடாந்தரம்’ என்று சாதித்தால் நான் பொறுப்பில்லை.

டீச்சரின் கட்சி

இதையெல்லாம் பாட்டு டீச்சரிடம் சொன்னபோது அவர் தம்புராவின் பிருடையைத் திருகிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, “மெட்டு யாரோடதுன்னு கேட்டுண்டே இருந்தா பாட்டு வருமாடி? எங்க குரு சொல்லிக்கொடுத்தா, நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். சங்கீதம் யாரோட சொத்தும் இல்லே,” என்றார்.

இதைப் பழமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் உண்மை இருக்கிறது. தியாகராஜர் கிருதி ஒன்றை எடுத்தால் உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் என்று சிஷ்ய பரம்பரைக்கு ஒரு பாடாந்தரம். ஒரே வரியை மாற்றி மாற்றி மெருகேற்றிப் பாடுவதுதான் சங்கதி. இதில் எந்த சங்கதி தியாகராஜர் போட்டது, எது சிஷ்யர் சேர்த்தது, எது போன தலைமுறை வித்வான் ஒரு கச்சேரியில் அன்றைக்குத் தோன்றிப் போட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது? பிரிக்கவே முடியாத இடங்கள் உண்டு. பிரிக்க முடியாததால்தான் அது வளர்ந்தது. ஒவ்வொரு சங்கதிக்கும் சொந்தக்காரர் வந்து நின்றிருந்தால் நாங்கள் இன்றைக்கு வெறும் பல்லவியைப் பாடிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் ‘யாருடைய சொத்தும் இல்லை’ என்பதிலிருந்து ‘யார் செய்ததும் இல்லை’ என்பதற்கு நாம் சத்தமில்லாமல் நழுவிவிடுகிறோம். அங்கேதான் எனக்கு டீச்சரோடு உடன்பாடில்லை. சுப்பராமன் மெட்டுக்கு இன்று யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பெயரைச் சொல்வதற்குக் காசு ஆகாது. ‘பாரதியார், ராகமாலிகை’ என்று நிரலில் அச்சடிக்கும்போது, ஐந்து ராகத்தை அந்த வரிசையில் கோர்த்தவர் காணாமல் போகிறார். அவர் சினிமாக்காரர் என்பதால் சபைகளுக்குச் சங்கடம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அரியக்குடி பெயரை அறிவிக்கிற மேடைகள் இருக்கின்றன, சுப்பராமன் பெயரை அறிவித்து நான் கேட்டதில்லை.

கேள்வி மறுபக்கமிருந்தும் வருகிறது. 2025இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில், துருபத் பாடகர்களான டாகர் குடும்பத்தின் ‘சிவ ஸ்துதி’க்கும் ‘பொன்னியின் செல்வன் 2’ படத்தின் ‘வீரா ராஜ வீரா’வுக்கும் நடந்த வழக்கை எங்கள் வகுப்பில் எல்லாரும் தொடர்ந்தோம். ஏப்ரலில் தனி நீதிபதி டாகர் தரப்புக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. ஒரு படைப்பைப் பாடினார்கள் என்பதற்கான சான்று, அவர்கள்தான் அதை இயற்றினார்கள் என்பதற்கான சான்று ஆகிவிடாது என்பது அதில் முக்கியமான புள்ளி. வாட்ஸப்பில் நண்பர்கள் யார் ஜெயித்தார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ மேடத்தின் பென்சில் கோடு நீதிமன்றத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. வாய்வழி மரபில் ‘இயற்றியவர்’ என்று நிரூபிக்க எதைக் கொண்டு போவது? பழைய ஒலிப்பதிவு பாடியதைத்தான் காட்டும். சிஷ்யர்களின் வாய்மொழி நம்பிக்கையைக் காட்டும். ஆண்டு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால்கூட, எழுதியவர் கேட்டு எழுதினாரா, யோசித்து எழுதினாரா என்று கேட்பார்கள்.

கல்லூரியில் இதற்கெல்லாம் பெயர் ‘ஆராய்ச்சி நெறிமுறை’, ஒரு தாள். அதில் பெரும்பகுதி ஒற்றுமைச் சதவீதம் பற்றியது, அதாவது நம் கட்டுரை பிறர் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை பொருத்தம் இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாக. மென்பொருள் சொற்களைத்தான் பார்க்கும். என் கட்டுரையில் நான் ‘பாரதியின் மெட்டு’ என்று எழுதியிருந்தால் பொருத்தம் பூஜ்யம் என்று பச்சை விளக்கு எரிந்திருக்கும். ஒருவர் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதுவதை அது பிடிக்காது. மேற்கோள் குறி போட மறந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துவிடும். தாளில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்குகிறவர்கள் எல்லாரும் இதில் தேர்ச்சி பெற்றவர்கள்தான், நானும் சேர்த்து.

அடுத்தது

அடுத்த கட்டுரைக்குத் திருப்பாவையை எடுத்திருக்கிறேன். அரியக்குடி 1967இல் இறந்தார். ஆக, அவர் அமைத்த மெட்டுகளுக்கு 2027 டிசம்பர் 31 வரை கணக்கு ஓடுகிறது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பாசுரம், பாடும் மெட்டு மட்டும் இன்னும் பொதுவுக்கு வரவில்லை. மார்கழியில் ஒலிபெருக்கி வைக்கும் கோயில்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், யாரும் போய்க் கேட்கப்போவதில்லை. எனக்கு வேண்டியது வேறு. முப்பது பாசுரத்திலும் இன்று பாடப்படுவது அவர் போட்டபடியே இருக்கிறதா, எதிலாவது ராகம் மாறியிருக்கிறதா, மாறியிருந்தால் எந்த ஒலிப்பதிவிலிருந்து மாறியது என்று பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கும் சொந்தப் படிப்புக்கும் பிரதி எடுத்துக்கொள்ளச் சட்டமே 52ஆம் பிரிவில் இடம் கொடுத்திருப்பதால், பழைய தட்டுகளின் பிரதிகளைத் தயக்கமில்லாமல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

டீச்சரிடம் இருபத்தோராம் பாசுரத்தை அவர் எந்த ஒலிப்பதிவிலிருந்து கற்றுக்கொண்டார் என்று போன வாரம் கேட்டேன். “மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா,” என்றார். அப்புறம் அலமாரியிலிருந்து பழைய கேசட் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். கேசட்டுகளின் மேல் ஊர் பெயரும் தேதியும் இருக்கின்றன, யார் பாடியது என்று பாதிக்கு மேல் எழுதவில்லை. அவற்றை மாற்றிப் பதிவு செய்ய ஓடுகிற நிலையில் ஒரு டேப் ரெக்கார்டர் தேடிக்கொண்டிருக்கிறேன்.